அடையா வாயில்: வாஷிங்டன் நகரத் தனி இசைக்குழுக்கள் குறித்து ஒரு நோக்கு

தோற்றுவாய்

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு பாணனை வழியிற் கண்டு, இன்ன வழியே செல்க, இன்னாரைக் காண்க, இன்னது பெறுக என ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை இலக்கியமாகும். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே என்பது தமிழ் மாணவர் யாவரும் அறிந்த செய்தி. சென்ற கல்வியாண்டில், நல்லியக்கோடனின் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அடைக்கப்படாதது எனச் சிறுபாணாற்றுப்படை புகழும் பகுதியை நாம் நடத்திக்கொண்டிருந்த வேளையில், மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, என்னிடமும் ஓர் ஆற்றுப்படை இருக்கிறது" என்றார். வகுப்பு நகைத்தது. அவர் தம் அலைபேசியை நம்மிடம் கொணர்ந்து காட்டினார். வகுப்பறையில் அலைபேசி கூடாது என்பது விதி. அன்று அவ்விதியை நாமும் மறந்தோம்.

அவர் காட்டியது அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில் 1980களில் ஒட்டப்பட்ட துண்டறிக்கை ஒன்றின் படம். கருப்பு மையில் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்தது. நான்கு இசைக்குழுக்களின் பெயர்கள், ஓர் ஆலயக் கூடத்தின் முகவரி, நாள், நேரம், கட்டணம் 5 டாலர், எவ்வயதினரும் வரலாம் என்னும் குறிப்பு, அடியில் வழிகாட்டும் சிறு கோட்டுப்படம். ஆற்றுப்படைக்குரிய இலக்கணங்களுள் பெரும்பாலானவை அதன்கண் அமைந்திருந்தன என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இம்மாணவரை நாம் முன்னரே அறிவோம். அதற்கு முந்திய ஆண்டு, தம் தோழர் மூவருடன் ஒரு விண்ணப்பம் கொணர்ந்தவர் அவர். தாமே எழுதி இசையமைத்த பாடல்களைக் கிதாருடனும் தோற்கருவியுடனும் கல்லூரிச் சிற்றரங்கில் ஒரு மாலை பாட இசைவு வேண்டினர். இசைவு கிட்டவில்லை. துறைக்கூட்டத்தில் அவ்விண்ணப்பம் வாசிக்கப்பெற்றபோது அவர்களுக்காக ஒரு சொல்லும் சொல்லாதிருந்தவர்களுள் நாமும் ஒருவர். பின்னர் நகரில் அவர்களுக்கு இடந்தர முன்வந்தது மதுக்கூடத்தோடு இணைந்த விடுதி ஒன்றே. நால்வரின் வீட்டாரும் தடுத்துவிட்டனர். தடுத்ததில் குற்றங்காண இயலாது. ஆயினும், நாம் மறுத்த இடத்தை மதுக்கூடம் தர முன்வந்தது என்னும் செய்தி நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வுறுத்தலே கோடை விடுமுறையில் அத்துண்டறிக்கையின் பின்னணியைத் தேடிப் படிக்கச் செய்தது. இசை கேட்பது தகுமா என்பது பற்றி நம் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஈண்டு ஆராயப் புகவில்லை. ஒரு நகரத்தில் இளையோர் இசை எங்ஙனம் இடம்பிடித்தது, யார் வாயிலைத் திறந்தனர் என்பதே நம் பொருள்.

தூதரகத்தின் முன்வாயில்

வாஷிங்டன் என்றதும் வெள்ளை மாளிகையும் அரசு அலுவலகங்களுமே நினைவிற்கு வருவன. இசைக்குப் பெயர்பெற்ற நகரங்களாக நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சல்ஸையுமே கூறுவர். எனினும் ஜாஸ் இசையின் பெருமகன் டியூக் எலிங்டன் 1899ஆம் ஆண்டு பிறந்தது வாஷிங்டனில்தான். அந்நாளில் அந்நகரில் கருப்பினத்தார்க்கு ஓர் அரங்கமும் வெள்ளையர்க்கு வேறோர் அரங்கமுமாக நிறவேற்றுமை கோலோச்சியது. இருசாராரும் ஒருங்கமர்ந்து இசை கேட்க இடமில்லை.

அவ்விடத்தை முதலில் அளித்தோருள் ஒரு முஸ்லிம் குடும்பம் உண்டு என்பது நம் வாசகர் பலர்க்கும் புதுச்செய்தியாக இருக்கலாம். 1934 முதல் 1944 வரை அங்குத் துருக்கி நாட்டுத் தூதராக இருந்தவர் மெஹ்மத் முனீர் எர்தெகன். அவர்தம் மைந்தர் நெசூஹியும் அஹ்மதும் ஜாஸ் இசையில் பெருங்காதல் கொண்டவர்கள். கருப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சென்று பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கினர். ஹோவர்டு திரையரங்கில் இசைநிகழ்ச்சிகளைக் கேட்டனர். நகருக்கு வந்த இசைஞர்களைத் தூதரக இல்லத்துக்கு விருந்துண்ண அழைத்தனர். உணவுக்குப் பின் அங்கேயே இசை தொடங்கும். கருப்பினத்தாரும் வெள்ளையரும் ஒருங்கிருந்து வாசித்தனர். தென்மாநில ஆட்சிமன்ற உறுப்பினர் ஒருவர், கருப்பினத்தார் முன்வாயில் வழியாக நுழைவதைக் கண்டித்துத் தூதருக்கு மடல் எழுதினாராம். தம் இல்லத்தில் நண்பர்கள் முன்வாயில் வழியாகவே வருவர், தாங்கள் வருவதாயின் பின்வாயிலைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்யலாம் என்ற கருத்தில் தூதர் மறுமொழி விடுத்தார் என்பது இன்றும் வழங்கும் செய்தியாகும். 1942ஆம் ஆண்டு இவ்வுடன்பிறந்தார், இருநிறத்தாரும் மேடையிலும் அவையிலும் கலந்திருந்த நிகழ்ச்சியொன்றை நகரின் யூதச் சமூகக் கூடத்தில் நடத்தினர். வேறு கூடங்கள் எளிதில் இசையாத காலம் அது.

இவ்விடத்து ஒரு சிறு செய்தியைக் குறிக்காமல் மேற்செல்ல மனமில்லை. 1944இல் முனீர் எர்தெகன் காலமானபோது அந்நகரில் அவர்க்கு ஜனாஸாத் தொழுகை நடத்தத் தக்க பள்ளிவாசல் இல்லை. அக்குறையினின்றே வாஷிங்டன் இஸ்லாமிய மையம் என்னும் எண்ணம் முளைத்தது. 1957இல் அது திறக்கப்பட்டது. இளையவர் அஹ்மத் 1947இல் கடன்வாங்கிய 10,000 டாலர் முதலைக்கொண்டு அட்லாண்டிக் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைப் பங்காளர் ஒருவருடன் தொடங்கினார். சிறு நிறுவனமாகத் தொடங்கிய அது பின்னர் உலகப் பெருநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. இவ்வஹ்மதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

ஒரு கல்லூரி வானொலியின் மறைவு

நிறவேற்றுமைச் சட்டங்கள் நீங்கிய பின்னரும் வாயில் எல்லார்க்கும் திறந்துவிடவில்லை. 1970களின் இறுதியில் அது அடைபட்டது வயது என்னும் தாழால். இதற்குக் காரணம் பொருளாதாரம். அமெரிக்க நகரங்களில் சிறு இசையரங்குகள் பெரும்பாலும் மதுக்கூடங்களே. நுழைவுக் கட்டணத்தின் பெரும்பகுதி இசைஞர்க்குப் போய்விடும். அரங்க உரிமையாளரை வாழவைப்பது மது விற்பனையே. மது அருந்தும் வயதை எட்டாதவர் அவர்க்கு ஊதியம் தராத விருந்தினர். அவ்விளையோர் கையில் தவறியும் ஒரு கோப்பை சேர்ந்துவிட்டால் உரிமமும் போய்விடும். ஆதலின் அவர்களை உள்ளே விடாதிருப்பதே எளிய வழியாயிற்று. பாடுவோர் பதினாறு வயதினர், கேட்க விழைவோர் பதினைந்து வயதினர், அரங்கமோ பெரியோர்க்கு மட்டும் என்னும் நிலை.

அந்நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் கிறித்தவத் துறவியர் நிறுவியது. அதன் மாணவர் வானொலி, பெருவணிக வானொலிகள் ஒலிபரப்பாத புதிய இசையை ஒலிபரப்பி வந்தது. நிர்வாகத்துக்கு ஒவ்வாத அரசியற் கருத்துகளும் அதில் இடம்பெற்றன. 1979 தொடக்கத்தில் பல்கலைக்கழகம் அவ்வானொலியை மூடி, அதன் அலைவரிசை உரிமையை நகரின் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றுவிட்டது. கல்லூரி நிர்வாகம் எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்பதை அறிந்தவர்களாதலின் நாம் அப்பல்கலைக்கழகத்தைப் பழிக்க முற்படவில்லை. ஆனால் விளைவு எண்ணத்தக்கது. அவ்வானொலிக்கு ஆதரவாகப் பிப்ரவரி 3 அன்று பல்கலைக்கழகக் கூடமொன்றில் இசைநிகழ்ச்சி நடைபெற்றது. நியூயார்க்கிலிருந்து கிராம்ப்ஸ் என்னும் குழு வந்து வாசித்தது. மதுக்கூடம் அன்று, பல்கலைக்கழகக் கூடம். ஆதலின் பள்ளிப் பிள்ளைகளும் நுழைய முடிந்தது. கூட்டத்துள் நின்றவர்களுள் பதினாறு வயதினரான இயன் மக்கேய் என்னும் உயர்நிலைப்பள்ளி மாணவரும் ஒருவர். இத்தகைய இசைநிகழ்ச்சியை அவர் கண்டது அதுவே முதன்முறை. விற்ற அலைவரிசை மீளவில்லை. அந்த ஓர் இரவு மட்டும் ஒரு நகரத்தின் இசைவரலாற்றைத் திசைதிருப்பிற்று.

அவ்விசையின் பெயர் பங்க். 1970களின் இடையில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் தோன்றியது. மூன்று சுரக்கோவைகள் அறிந்தால் போதும், பாட்டு இரண்டு நிமிடத்துக்குள் முடியும், வேகமும் ஓசையும் மிகுதி. நீண்ட பயிற்சியும் விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை என்பதே இளையோரை ஈர்த்தது. வாஷிங்டன் இளையோர் இதனை மேலும் விரைவாக்கினர். அது ஹார்ட்கோர் எனப் பெயர்பெற்றது. நாம் அதனைக் கேட்டபோது முதலில் இரைச்சலாகவே பட்டது. இன்றும் அதன் இன்னிசைக்குச் சான்று கூற நாம் முன்வரவில்லை. அதனைச் செய்த முறையே நம்மைக் கவர்ந்தது.

அந்நகர இளையோர்க்கு இவ்விசையில் ஆசான்களாக விளங்கியோர் பேட் பிரெயின்ஸ் என்னும் குழுவினர். நால்வரும் கருப்பினத்தார். முதலில் ஜாஸ் கலந்த இசை பயின்றமையால் கருவியாட்சியில் தேர்ந்தவர்கள். வெள்ளை இளைஞர் மிகுந்த இவ்விசையுலகில் அவர்களுக்கு நிகராக விரைந்து வாசிப்போர் அன்று எவருமில்லை. நெப்போலியன் ஹில் எழுதிய நூலைப் படித்து, நேர்மறை மனப்பாங்கு என்னும் கருத்தைத் தம் பாடற்பொருளாக்கினர். நம்மூர் இரயில் நிலையப் புத்தகக்கடைகளில் தமிழிலும் கிடைக்கும் அந்நூல், பங்க் இசைக்கு வித்திட்டிருக்கும் என யார் எண்ணியிருப்பர்?

கையில் இட்ட பெருக்கல் குறி

மக்கேயும் அவர்தம் பள்ளித் தோழர் ஜெஃப் நெல்சனும் வேறிருவருடன் கூடி டீன் ஐடில்ஸ் என்னும் குழுவை அமைத்தனர். 1980 ஆகஸ்டில் பேருந்தேறிக் கலிபோர்னியா சென்றனர். சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரங்கினர், இவர்கள் மதுவருந்தும் வயதினர் அல்லர் என்பதைக் கண்டு, புறங்கையில் பெரிய பெருக்கல் குறியை மையால் வரைந்து உள்ளே விட்டனர். குறியைக் கண்டால் மதுப்பணியாளர் விற்கமாட்டார், அவ்வளவே. ஊர் திரும்பிய இளைஞர் இதே முறையைத் தம் நகரில் புதிதாகத் தொடங்கப்பெற்றிருந்த நைன் தர்ட்டி கிளப் என்னும் அரங்கினர்க்கு எடுத்துரைத்தனர். வாஷிங்டன் சட்டம் இளையோர்க்கு மது விற்பதையே தடுத்தது, அவர்கள் இசை கேட்க நுழைவதை அன்று. குறியிட்ட கையோடு ஒருவர் மதுவருந்தக் கண்டால் எல்லாரையும் வெளியேற்றலாம் எனத் தாமே வாக்களித்தனர். அரங்கினர் இசைந்தனர்.

வாயிலைத் திறந்தது இவ்வளவு எளிய உத்தி. சட்டம் மாறவில்லை, கட்டடம் மாறவில்லை, ஒரு மைக்கோல் போதுமானதாயிற்று. இழிவின் அடையாளமாக இடப்பட்ட குறி ஈராண்டுக்குள் பெருமையின் அடையாளமாயிற்று. மது அருந்தும் வயதை எட்டிய பின்னரும் தாமே அதனை வரைந்துகொண்டோர் பலர்.

டீன் ஐடில்ஸ் 1980 நவம்பரில் கலைந்தது. நிகழ்ச்சிகளில் கிடைத்த பணத்தை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளாமல் ஒரு சுருட்டுப் பெட்டியில் சேர்த்திருந்தனர். அத்தொகை 600 டாலரையொட்டி இருந்தது. நால்வரும் பிரித்துக்கொள்வதா, தம் பாடல்களை இசைத்தட்டாக வெளியிடுவதா என எண்ணி, இரண்டாவதைத் தேர்ந்தனர். ஆர்லிங்டன் நகரில் டான் சியன்டாரா என்பவர் தம் வீட்டிலேயே நடத்திய இன்னர் இயர் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடல்கள் பதிவாகியிருந்தன. உறை செய்வதெப்படி? கடையில் வாங்கிய இசைத்தட்டு ஒன்றின் உறையைப் பிரித்து, தாளின்மேல் வைத்துச் சுற்றிக் கோடிழுத்து, அவ்வளவில் அச்சிட்டு, நண்பர்கள் வட்டமாக அமர்ந்து கத்தரியால் வெட்டி, மடித்துப் பசையொட்டினர். முகப்பில் குறியிட்ட இரு கைகளின் படம். 1980 டிசம்பரில் வெளிவந்த அத்தட்டே டிஸ்கார்ட் என்னும் வெளியீட்டகத்தின் முதல் எண். வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிடுவது, எழுத்து ஒப்பந்தம் கேளாது சொல்லை நம்புவது, ஆதாயத்தைக் குழுவோடு பகிர்வது என்பன அதன் நெறிகள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வெளியீட்டகம் நின்று நிலவுகின்றது. மூவாயிரம் ரூபாய்க்குக் கவிதை நூல் அச்சிட வழியின்றி மாணவர் அலைந்த காலத்தை அறிந்த நமக்கு, அக்கத்தரியும் பசையும் நன்கு விளங்கின.

அடுத்து மக்கேயும் நெல்சனும் அமைத்த குழு மைனர் த்ரெட். அதன் பாடலொன்று 1981இல் வெளிவந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைந்தது. பள்ளித்தோழர் போதையில் மூழ்குவதைக் கண்டு, எனக்கு அது வேண்டா எனக் கூறுவது அதன் கருத்து. 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்னும் அதன் தலைப்பே மது, புகை, போதைப்பொருள் ஆகியவற்றை விலக்குவோர்க்குப் பெயராயிற்று. இச்செய்தியைக் கேட்ட நம் அன்பர் ஒருவர், "அப்படியாயின் அவர்கள் நம்மவர்களே" என்று மகிழ்ந்தார். மகிழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு. ஆயினும் பின்னிகழ்வையும் சொல்லவேண்டும். அப்பாடல் தம் நிலையைச் சொன்னதேயன்றிப் பிறர்க்கு விதித்த சட்டம் அன்று என்று மக்கேய் பன்முறை விளக்க நேர்ந்தது. 1983இல் மற்றொரு பாடலை மீண்டும் பதிவுசெய்தபோது அவ்விளக்கத்தைப் பாட்டின் நடுவிலேயே பேச்சாகச் சேர்த்தார். காரணம், பாஸ்டன் முதலிய நகரங்களில் சில இளைஞர் பிறர் கையிலிருந்த மதுக்கோப்பையைத் தட்டிவிட்டுச் சண்டையிட்டனர். 1990களில் சால்ட் லேக் சிட்டியில் இப்பெயர் தாங்கிய சிலரைக் காவல்துறையினர் வன்முறைக் கும்பலாகவே கருதும் நிலை வந்தது. விலக்கத்தக்கதை விலக்குவதிலும் முரட்டுத்தனம் புகலாம் என்பதற்கு இது சான்று.

ஆலயக் கூடங்களும் புல்வெளியும்

மதுக்கூடங்களை மட்டும் நம்பாமல் இக்குழுக்கள் வேறிடங்களையும் தேடின. பழைய ஆலயக் கட்டடத்தில் அமைந்த வில்சன் மையம் என்னும் சமூகக் கூடம், புனித ஸ்டீபன் ஆலயம், நூலகக் கூடங்கள், பள்ளி அரங்குகள் எனப் பட்டியல் நீளும். அங்கு மது விற்பனையே இல்லையாதலின் வயதுத் தடையும் இல்லை. செய்தி பரவியது இசைத்தட்டுக் கடையின் முகப்பிலும் மின்கம்பங்களிலும் ஒட்டிய துண்டறிக்கைகளாலும், கையால் தட்டச்சிட்டு நகலெடுத்த சிற்றிதழ்களாலும், முந்தைய நிகழ்ச்சியின் வாயிலில் நின்றோர் வாய்மொழியாலும். ஒரு நிகழ்ச்சிக்கு வந்தவர் அடுத்த நிகழ்ச்சியின் அறிக்கையைப் பெற்றுச் செல்வார். ஒவ்வொரு குழுவும் தன்னோடு இன்னும் பெயர்பெறாத ஒரு குழுவை மேடையேற்றும். பாணன் பாணனை ஆற்றுப்படுத்தியது இங்ஙனமே.

1983 செப்டம்பர் 23 அன்று மைனர் த்ரெட்டின் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. அன்று அவர்களோடு ஒரே மேடையில் டிரபிள் ஃபங்க் என்னும் கோகோ இசைக்குழுவும் வாசித்தது. கோகோ என்பது வாஷிங்டன் கருப்பின மக்களின் சொந்த இசை. சக் பிரவுன் 1970களில் வளர்த்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே தாளம் நில்லாது தொடர்வது அதன் இயல்பு. ஒரே நகரில் அருகருகே வாழ்ந்தும் கலவாத இரு இசைக்கூட்டங்கள் அவ்விரவு ஒரு கூரையின்கீழ் நின்றன. 2019இல் பழைய குடியிருப்புப் பகுதியொன்றில், பல்லாண்டுகளாகக் கடைவாயிலில் கோகோ ஒலித்துவந்த ஒலிபெருக்கியை நிறுத்துமாறு புதிதாகக் குடியேறிய ஒருவர் முறையிட, மக்கள் தெருவில் திரண்டு அதனை மீட்டனர். அடுத்த ஆண்டே கோகோ அந்நகரின் அதிகாரப்பூர்வ இசையெனச் சட்டம் இயற்றப்பெற்றது.

நகரின் மிக உயர்ந்த மேட்டில் ஃபோர்ட் ரீனோ என்னும் பூங்கா உள்ளது. மக்கேய் பயின்ற பள்ளிக்கு அண்மையது. 1968 தொடங்கி அங்குக் கோடை மாலைகளில் கட்டணமின்றி இசைநிகழ்ச்சிகள் நடந்துவருகின்றன. புல்லில் விரிப்பு விரித்துத் தாய்மார் குழந்தைகளோடு அமர்ந்திருக்க, சிறுவர் ஓடியாட, மேடையில் உள்ளூர் இளையோர் குழுக்கள் வாசிக்கும் படங்களைக் கண்டபோது நமக்கு வேறொரு காட்சி நினைவில் எழுந்தது. நம் இளமையில், மீலாது விழா மேடையில் நாகூர் ஈ.எம்.ஹனீபாவின் குரலைக் கேட்கத் தெருவிலேயே பாய்விரித்து, பாட்டியின் மடியில் தலைவைத்துக் கிடந்த இரவுகள். வாயில் என்பதே இல்லாத அரங்கம் அது. ஃபோர்ட் ரீனோவுக்கும் இடர் வந்தது. 2014இல் காவலர் ஒருவரை அமர்த்தி அச்செலவை ஏற்கவேண்டுமென அதிகாரிகள் கூற, அமைப்பாளர் நிகழ்ச்சிகளைக் கைவிட முனைந்தனர். மக்கள் முறையிட்டபின் அவ்வாண்டும் இசை ஒலித்தது.

ஐந்து டாலர்

1980களின் நடுவில் இசைநிகழ்ச்சிகளில் முட்டிமோதி ஆடும் முரட்டாட்டமும் அடிதடியும் மிகுந்து, பழையவர் பலர் விலகினர். மனம் வெதும்பிய சிலர் 1985 கோடையில் புதிய குழுக்களைத் தொடங்கினர். அவ்வாண்டே பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்னும் இளையோர் அமைப்பும் எழுந்தது. வீடற்றோர் இல்லம், இலவச மருத்துவமனை முதலியவற்றுக்கு நிதி திரட்ட இசைநிகழ்ச்சிகள் நடத்துவது அதன் பணி. இச்சூழலில் மக்கேய் தம் தோழர் ஜோ லாலி, பிரெண்டன் கேன்ட்டி ஆகியோருடன் தொடங்கிய குழுவே ஃபுகாஸி. 1987 செப்டம்பர் 3 அன்று வில்சன் மையத்தில் முதலில் மேடையேறியது. கை பிச்சியாட்டோ பின்னர் இணைந்தார்.

இக்குழுவின் கட்டணம் 5 டாலர். உலகப்புகழ் பெற்ற பின்னரும் பெரும்பாலான இடங்களில் 5 அல்லது 6 டாலரே. எங்ஙனம் இயன்றது? இசைநிகழ்ச்சியொன்றின் சீட்டு விலையில் மேலாளர், முகவர், விளம்பரம், விடுதி, ஒளியமைப்பு எனப் பலர்க்கும் பலவற்றுக்கும் பங்குண்டு. ஃபுகாஸியினர் மேலாளரை வைத்துக்கொள்ளவில்லை. தாமே தொலைபேசியில் அரங்குகளை ஏற்பாடு செய்தனர். தம் ஊர்தியைத் தாமே ஓட்டினர். பல இரவுகள் நண்பர் இல்லங்களில் படுத்துறங்கினர். இசைத்தட்டின் விலையை உறையிலேயே அச்சிட்டுக் கடைக்காரர் கூட்டி விற்க வழியில்லாது செய்தனர். ஆயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் டாலர் என்பது எளிய கணக்கு. செலவு குறைவாயின் அதுவே மிகுதி. எவ்வயதினரும் வரலாம் என்பதை ஒவ்வோர் அரங்கினரிடமும் நிபந்தனையாக வைத்தனர். இசையாத இடத்துக்குச் செல்லவில்லை.

கூட்டத்தில் எவரேனும் பிறரை மோதித் துன்புறுத்தினால் பாட்டை நடுவில் நிறுத்திவிடுவர். பணிவாக அவரைப் பெயரிட்டழைத்தாற்போல் அழைத்து, நிறுத்துமாறு வேண்டுவர். மீறினால், உறையிலிட்ட 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவர். மேடையிலிருந்து கட்டணத்தைத் திருப்பித்தரும் இசைஞரை நாம் வேறெங்கும் கேள்வியுற்றதில்லை. 1991 ஜனவரி 12 அன்று, வளைகுடாப் போர் தொடங்குதற்குச் சில நாள் முன்னர், வெள்ளை மாளிகையின் எதிரேயுள்ள பூங்காவில், குளிரில், போருக்கெதிராக இவர்கள் வாசித்தனர். நம் ஊர்களினின்று வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்றோரின் குடும்பங்கள் வானொலிப்பெட்டியருகே அமர்ந்து நடுங்கிக்கொண்டிருந்த நாள்கள் அவை.

அஹ்மத் எர்தெகனை மீண்டும் காண்போம் என்றோம். 1993இல் நியூயார்க்கில் ஃபுகாஸியின் நிகழ்ச்சி முடிந்தபின், எழுபது வயதான அவரே மேடைப் பின்னறைக்கு வந்து, தம் நிறுவனத்தில் சேருமாறு பெருந்தொகை கூறி அழைத்தார் என்பர். குழுவினர் வணக்கத்துடன் மறுத்தனர். அவர் யார் என்பதை அவர்கள் நன்கறிவர். கருப்பினத்தார்க்குத் தூதரக முன்வாயிலைத் திறந்துவிட்ட இளைஞர் அவர். அவர் அளிக்க வந்த பொருள் மிகப் பெரிது. அதனை ஏற்றால் சீட்டின் விலையும் வாயிலின் காவலும் தம் கையை விட்டுப் போகும் என்பதே இவர்கள் கருத்து. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகின்றது.

2003 முதல் அக்குழு ஓய்வில் உள்ளது. 2011இல் தம் மேடை நிகழ்ச்சிகளின் எண்ணூறுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாக இணையத்தில் வெளியிடத் தொடங்கியபோது, நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர்கள் குறித்த விலையும் 5 டாலரே. இன்னர் இயர் கூடம் வீட்டைவிட்டு வேறிடம் பெயர்ந்து, 2021இல் அவ்விடமும் அரசால் வாங்கப்பெற்று மூடப்பட்டது. துண்டறிக்கைகளையும் சிற்றிதழ்களையும் வாஷிங்டன் பொது நூலகம் 2014 முதல் தனித் தொகுப்பாகச் சேர்த்துவருகின்றது. தெருக்கம்பத்தில் ஒட்டிய தாள் நூலகம் ஏறியிருப்பதைக் கண்டு, நம் துறையின் பழைய விழா அழைப்பிதழ்கள் எத்தனை எஞ்சியுள்ளன எனத் தேடினோம். ஒரு கட்டுக் கிடைத்தது. செல்லரித்திருந்தது.

அம்மாணவர்கள் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்துள்ளனர். தம் பாடல்களின் வரிகளை முழுமையாக எழுதி இணைத்துள்ளனர். சிற்றரங்கு, மாலை 4 முதல் 6 வரை, பெற்றோரும் வரலாம், கட்டணம் இல்லை எனக் குறித்துள்ளனர். இம்முறை துறையின் பரிந்துரையாக நாம் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டோம். அன்று வாய்திறவாதிருந்த மற்றோர் ஆசிரியரும் ஒப்பமிட்டார். இன்னொருவர் வரிகளைப் படித்துப் பார்த்து, மூன்றாம் பாடலில் ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்திய பின்னரே ஒப்பமிட்டார். விண்ணப்பம் முதல்வர் மேசைக்குச் சென்றுள்ளது. இம்மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை மறுமொழி வரவில்லை.